துயரும் காலமும்: பெருந்தொற்றின் உளச் சமூகத் தாக்கங்களை ஆராய்தல் குறித்த ஓர் அறவியல் நோக்கு

கிறிஸ்துவுக்கு முன் 430ஆம் ஆண்டிலே ஏதென்ஸ் நகரைக் கொள்ளைநோய் பற்றியது. அந்நோயினால் தாமும் பீடிக்கப்பட்டு உயிர்தப்பிய வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ், தமது நூலின் இரண்டாம் பகுதியில் அதனைப் பற்றி எழுதப் புகுந்தபோது, நோயின் மூலகாரணத்தை ஆராயும் வேலையை ஏனையோருக்கு விட்டுவிட்டு, அது உடலில் என்ன செய்தது, ஊரில் என்ன செய்தது என்பனவற்றையே விரித்துரைத்தார். மீண்டுமொருகால் அந்நோய் வருமாயின் மக்கள் அதனை இனங்கண்டுகொள்ள உதவும் என்பதே அவர் காட்டிய நியாயம். பிறர் அடுக்கிவைத்த சிதையிலே தம்மவர் பிணத்தை இட்டுச் சென்றவர்களையும், நாளை இருப்போமோ என்ற ஐயத்தினாற் சட்டத்தையும் தெய்வத்தையும் ஒருங்கே கைவிட்டவர்களையும் அவர் காட்டுகின்றார். நோயிலிருந்து மீண்டவர்களே நோயாளர்பால் மிகுந்த இரக்கங் காட்டினர் என்றும் குறிப்பிடுகின்றார். பெருந்தொற்றொன்றின் உளவியல், சமூகவியல் விளைவுகளை ஆராயும் முயற்சிகளுள் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று எனலாம்.

தூசிடைடீஸிடம் வினாக்கொத்து இருக்கவில்லை, கணனியும் இருக்கவில்லை. இன்றைய ஆய்வாளரிடம் இவை இரண்டும் உண்டு. கொவிட்-19 நோயை உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச் 11இல் உலகப் பெருந்தொற்று என வர்ணித்தது. அதற்குப் பத்து நாட்களின் பின், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் டெய்சி ஃபான்கோர்ட் என்பாரின் தலைமையிலே, பிரித்தானிய மக்களிடம் வாரந்தோறும் அவர்களது மனநிலையைக் கேட்டறியும் ஆய்வொன்றைத் தொடங்கினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் காலப்போக்கில் அதிற் பங்குபற்றினர். ஒரே மனிதரை ஒருமுறை மட்டும் வினவாமல் மீண்டும் மீண்டும் வினவுவது இவ்வாய்வு முறையின் சிறப்பாகும். ஒருமுறை எடுக்கும் அளவீடு நிழற்படம் போன்றது. இதுவோ காலத்தோடு உடன் நடந்து செல்வது.

அத்தகைய ஆய்வுகள் கண்டவை யாவை, அவற்றை எவ்வாறு விளங்கிக்கொள்வது, துயரைக் காலத்தால் அளப்பதில் அறம் சார்ந்த சிக்கல் ஏதும் உண்டா என்பனவே இக்கட்டுரையின் அக்கறை. மருத்துவமோ புள்ளிவிபரவியலோ கற்றவர் எழுதும் கட்டுரையன்று இது. ஆயினும் துயர் என்பது அவ்விரு துறைகளுக்கு மட்டும் உரிய சொத்தன்று.

இலண்டன் ஆய்வின் முதற்பேறு பலருக்கும் வியப்பளித்தது. முப்பத்தாறாயிரத்துக்கு மேற்பட்டோரின் விடைகளை இருபது வாரகாலத்துக்குத் தொடர்ந்து நோக்கியபோது, பதகளிப்பும் மனச்சோர்வும் ஊரடங்கின் தொடக்க நாட்களிலேயே உச்சத்தில் இருந்தன என்பதும், பின்னர் விரைவாகத் தணிந்தன என்பதும் தெரியவந்தன. இயல்பு வாழ்க்கை திரும்பிய பின்னரே மனம் தேறும் என்று எதிர்பார்த்தவர்கள், வாழ்க்கை திரும்பு முன்னரே மனம் தேறத் தொடங்கியதைக் கண்டனர். பெண்கள், இளவயதினர், வருமானங் குறைந்தோர், ஏலவே உளநோய் உடையோர் ஆகியோரின் நிலை தொடக்கத்தில் ஏனையோரிலும் மோசமாக இருந்தது. 2023 மார்ச்சிலே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான விரிவான மீளாய்வொன்றும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. 134 மக்கட் குழுக்களின் பெருந்தொற்றுக்கு முந்திய நிலையையும் பிந்திய நிலையையும் ஒப்புநோக்கிய அம்மீளாய்வு, பொதுமக்களின் உளநலத்திலே குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை எனவும், பெண்களிடத்துச் சிறிதளவு நலிவு காணப்பட்டது எனவும் கூறிற்று. எனினும் அக்குழுக்களுட் பெரும்பாலானவை செல்வமிக்க நாடுகளையும் நடுத்தரத்துக்கு மேற்பட்ட வருமானமுடைய நாடுகளையும் சேர்ந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்முடிவுகளை இகழ்ந்து ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. 2020இன் தொடக்கத்திலே தற்கொலைகள் பேரலையாக எழும் என்று பலர் எச்சரித்தனர். ஆயினும், இருபத்தொரு நாடுகளின் தரவுகளை ஆராய்ந்த அறிஞர்கள், பெருந்தொற்றின் முதற் சில மாதங்களில் அத்தகைய உயர்வு எதுவும் ஏற்படவில்லை என்று காட்டினர். அச்சத்தினாற் பெருத்துப்போன கற்பனையை எண்கள் கட்டுக்குள் வைத்தன. அறிஞருக்கும் கற்பனை உண்டாதலின் இத்தகைய கடிவாளம் எப்போதும் வேண்டப்படுவதே.

ஆனால் யப்பானின் கதை இதனோடு சேர்த்து வாசிக்கப்படல் வேண்டும். அங்கே 2020 பெப்ரவரி தொடக்கம் யூன் வரை தற்கொலைகள் நூற்றுக்குப் பதினான்கு வீதத்தாற் குறைந்தன. யூலை தொடக்கம் ஒக்டோபர் வரையிலோ நூற்றுக்குப் பதினாறு வீதத்தால் உயர்ந்தன; பெண்களிடத்து முப்பத்தேழு வீதத்தாலும், சிறுவரிடத்தும் பதின்மவயதினரிடத்தும் நாற்பத்தொன்பது வீதத்தாலும் அவ்வுயர்வு அமைந்தது. யூன் மாத இறுதியில் ஆய்வை முடித்துக் கட்டுரை எழுதியவர் ஒருவர் இருந்திருப்பாராயின், பேரிடர் மக்களை ஒன்றிணைத்து உயிர்காத்தது என்று எழுதியிருப்பார். எழுதியதில் எண்பிழை எதுவும் இருந்திராது. நான்கு மாதம் பொறுத்தவர் வேறொன்றை எழுதியிருப்பார். எங்கே நிறுத்துவது என்பதை ஆய்வுப் பொருள் தீர்மானிப்பதில்லை. நிதியும் தவணையும் வாசகரின் சலிப்புமே தீர்மானிக்கின்றன. ஆதலினால், ஆய்வு எப்போது முடிவது என்ற வினா வெறும் முறையியல் வினாவன்று; அதனுள்ளே ஓர் அறவியல் வினாவும் அடங்கியிருக்கின்றது.

இனி, தணிந்த அந்த வளைகோட்டுக்கு மீள்வோம். மனம் தேறியது என்பதும், மனம் பழகிக்கொண்டது என்பதும் ஒன்றா? வினாக்கொத்து இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாது. 'ஒருபோதும் இல்லை' என்பது முதல் 'பெரும்பாலும் ஒவ்வொரு நாளும்' என்பது வரை நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு அது கேட்கின்றது. விடை இறங்கினால் துயர் இறங்கியதாகக் கொள்கின்றது. பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 2002ஆம் ஆண்டிலே எழுதிய சிறு கட்டுரையொன்று இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் உதவுகின்றது. இந்திய மாநிலங்களுள் ஆயுட்காலம் மிக நீண்டது கேரளத்திலே. அங்குள்ளோரே தமக்கு நோய் உண்டென மிக அதிகமாகச் சொல்பவர்கள். ஆயுட்காலங் குறைந்த பீகார் மக்களோ தமக்கு நோயிருப்பதாகச் சொல்வது மிகக் குறைவு. அமெரிக்கரோ கேரளத்தவரிலும் கூடுதலாகச் சொல்கின்றனர். கல்வியும் வைத்திய வசதியும் உள்ள இடத்தில் நோய் நோயென இனங்காணப்படுகின்றது. அவை இல்லாத இடத்தில் அதுவே உடலின் இயல்பாகி விடுகின்றது. சென் உடல்நலத்தைப் பற்றிக் கூறியது மனநலத்துக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மலையகத்தில் லயன் அறையொன்றில் எட்டுப்பேரோடு முடங்கியிருந்த தோட்டத் தொழிலாளியிடம், தனிமைப்படுத்தல் உமக்கு எத்தகைய மனவழுத்தத்தைத் தந்தது என்று கேட்டால், எதனோடு ஒப்பிட்டு அவர் விடை கூறுவார்? அவருக்கு அந்த நெருக்கம் 2020இல் வந்ததன்று.

பழகிக்கொள்ளுதல் மனிதருக்கு வாய்த்த பேறு என்பதில் ஐயமில்லை. அஃதின்றேல் நம் மூதாதையர் எவரும் முதுமை எய்தியிரார். ஆயின் பழக்கத்தைச் சான்றாகக் காட்டித் துயருக்குப் பொறுப்பானவரை விடுவிக்க முற்படும்போதே கேடு விளைகின்றது. 'தாங்குதிறன்' என்ற சொல் இன்று அறிக்கைகளிலெல்லாம் புழங்குகின்றது. மக்கள் தாங்கிக்கொண்டார்கள் என்பது மக்களைப் பற்றிய புகழுரையாகத் தொடங்கி, அவர்கள்மேல் இன்னுங் கொஞ்சம் ஏற்றலாம் என்ற பரிந்துரையாக முடிவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். இச்சொல்லின்மேல் இக்கட்டுரையாளருக்கு ஓரளவு வெறுப்பே உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

நீண்டகால நோக்கிலே இச்சிக்கல் இன்னும் ஆழமாகின்றது. 1918–19இன் இன்ஃபுளுவென்சாப் பெருந்தொற்றின் பின்னர், நோர்வேயிலே உளநோய் வைத்தியசாலைகளில் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டோரின் தொகையை ஆராய்ந்த ஸ்வென்-எரிக் மாமெலுண்ட், இன்ஃபுளுவென்சாவோடு தொடர்புடையனவாகக் கருதப்பட்ட உளநோய்கள் அடுத்த ஆறு ஆண்டுகளில் பன்மடங்கு பெருகியதாகக் கூறினார். ஹொங்கொங்கில் 2003இன் சார்ஸ் நோயிலிருந்து மீண்டவர்களை முப்பது மாதங்களின் பின் பரிசோதித்தபோது, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஏதோவோர் உளநோயுடன் வாழ்ந்து வந்தனர். பொருளியலாளர் டக்ளஸ் அல்மண்ட் 2006இல் இன்னும் ஒருபடி மேற்சென்று, 1918இன் இறுதியிலே தாயின் வயிற்றில் இருந்த அமெரிக்கரின் கல்வியும் வருமானமும் பல பதிற்றாண்டுகளின் பின்னரும் தாழ்ந்திருந்தன எனக் குடிசன மதிப்புத் தரவுகளைக் கொண்டு வாதிட்டார். பின்வந்த சிலர் அதனை மறுத்தனர். வசதியுள்ள இளைஞர் பலர் அவ்வேளை போருக்குச் சென்றிருந்தமையால், அக்காலத்திற் கருவுற்ற குடும்பங்களே வேறுபட்டவை என்பது அவர்களது வாதம். இவ்விவாதம் எவ்வாறு முடியினும், அது நமக்குக் கற்பிக்கும் பாடம் ஒன்றுண்டு. காலம் நீள நீள விளைவு வெளிப்படுகின்றது. அதே காலத்தில் வேறு காரணங்களும் வந்து கலந்து விடுகின்றன. தெளிவும் மயக்கமும் ஒரே வழியால் வருகின்றன.

நமது நாட்டை நோக்கின் இது கண்கூடு. 2019 ஏப்பிரலிற் குண்டுவெடிப்புக்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022இல் எரிபொருள் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும். 2022இல் உறக்கமின்றித் தவித்த குடும்பத் தலைவி ஒருத்தியின் உறக்கமின்மையில் எத்தனை பங்கு பெருந்தொற்றுக்கு உரியது, எத்தனை பங்கு அந்நியச் செலாவணிக்கு உரியது? இவ்வாறு பிரித்துக் கேட்பதே நகைப்புக்கிடமானது. துயருறுபவர் தம் துயரைத் துறைவாரியாகப் பகுத்து அனுபவிப்பதில்லை.

1918இன் நோய் இலங்கைக்கும் வந்தது. அதனால் நேர்ந்த சனத்தொகை இழப்பு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டது என அண்மைக்கால ஆய்வொன்று மதிப்பிடுகின்றது. அன்றைய இலங்கையின் சனத்தொகை ஐம்பது இலட்சத்தையும் எட்டியிராத நிலையில் இஃது எத்துணைப் பேரழிவு என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் நமது பாடநூல்களில் அது ஒரு வரியாகத்தானும் இடம்பெறுகின்றதா? அமெரிக்க வரலாற்றாசிரியர் அல்பிரட் குரொஸ்பி 1976இல் வெளியிட்ட தமது நூலைப் பின்னர் 1989இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது, அதற்கு மறக்கப்பட்ட பெருந்தொற்று என்ற பொருள்படப் பெயரிட்டார். போரில் மாண்டவர்க்கு எழுந்த நடுகற்கள் போல நோயில் மாண்டவர்க்கு எழவில்லை. போரிலே எதிரி உண்டு, வெற்றி உண்டு, யாரோ ஒருவரின் வீரம் உண்டு. நோயிலே இவை இல்லாமையினால் அதனை ஒரு கதையாகக் கட்டிச் சொல்வது கடினம்.

ஆயினும் நமது மரபு நோய்க்கு ஒரு மொழியை வைத்திருந்தது என்பதை மறத்தலாகாது. யாழ்ப்பாணத்தார் அம்மையை 'அம்மாள் வருத்தம்' என்றனர். வாசலிலே வேப்பிலை செருகினர். மட்டக்களப்பிலே கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் நடைபெறும் குளிர்த்திச் சடங்கு, வெம்மையும் நோயும் தணியவேண்டி ஊர் கூடிச் செய்வது. இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அம்மைப்பாலே அம்மையை ஒழித்தது என்பதும் உண்மை. எனினும் நோயுற்றவரை ஊரோடு பிணைத்து வைக்கும் தொழிலை அச்சடங்குகள் செய்தன. இறப்பிலும் அவ்வாறே. எட்டுச் செலவும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இறந்தவருக்காக மட்டும் நடப்பனவல்ல. இருப்பவரின் துயருக்கு அவை ஒரு கால அட்டவணையை வகுத்துக் கொடுக்கின்றன. இன்ன நாள் வரை அழலாம், இன்ன நாளிலிருந்து அடுப்பு மூட்டலாம் என்று ஊரே சொல்லித் தருகின்றது. பெருந்தொற்றுக் காலத்திலே முகங்காணாமலும் தோள்கொடாமலும் வழியனுப்பப்பட்டவர்களின் வீடுகளில் அந்த அட்டவணை குலைந்தது. குலைந்த அட்டவணையை அளக்கும் அளவுகோல் இலண்டன் வினாக்கொத்தில் இல்லை. இருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

இவ்விடத்திலேதான் நமது நாட்டின் மிக வேதனையான அத்தியாயத்தைப் பற்றிப் பேசவேண்டியுள்ளது. 2020 மார்ச் இறுதியிலே நீர்கொழும்பில் முஸ்லிம் ஒருவர் கொவிட் நோயால் இறந்தார். குடும்பத்தினரின் விருப்பத்துக்கு மாறாக அவரது உடல் எரிக்கப்பட்டது. அடக்கஞ் செய்தலும் எரித்தலும் இரண்டுமே ஏற்புடையன என்று உலக சுகாதார ஸ்தாபனம் அதற்குச் சில நாட்களின் முன்னரே வழிகாட்டியிருந்தது. ஆயினும் ஏப்பிரல் 11இல் வெளியான வர்த்தமானி எரித்தலைக் கட்டாயமாக்கியது. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமே அதற்கு அதிகாரம் அளித்தது. (எமில் துர்க்கைம் 'தற்கொலை' பற்றிய தமது நூலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். சமூகப் பிணைப்புத் தளரும்போது தனிமனிதனுக்கு என்ன நேர்கின்றது என்பதை ஒருவர் போர்தோவில் எழுதிக்கொண்டிருக்க, அப்பிணைப்பை நோயின் பெயரால் அறுக்கும் அதிகாரத்தைக் குடியேற்ற அரசு கொழும்பிலே தனக்கு வழங்கிக்கொண்டிருந்தது.) நிலத்தடி நீர் மாசுறும் என்பது கூறப்பட்ட காரணம், அதனைப் பின்னர் நடந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. 2020 டிசெம்பர் முதலாந் திகதி உயர் நீதிமன்றம், இவ்விதிக்கெதிரான மனுக்களைப் பெரும்பான்மைத் தீர்ப்பினால் விசாரணைக்கெடுக்க மறுத்தது. அம்மாதத்தில் இருபது நாட் குழந்தையொன்று பெற்றோரின் இசைவின்றி எரிக்கப்பட்டபின், பொரளைக் கனத்தை மயானத்தின் வாயிற் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். கபனிடப்படாத பிள்ளைக்கு அது கபன். 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது.

அனுமதி கிடைத்தபின் நடந்ததும் எளிதானதன்று. முதலில் அரசாங்கம் இரணைதீவைத் தெரிவு செய்தது. 1992இல் இடம்பெயர்ந்து, நீண்ட போராட்டத்தின்பின் 2018இலேதான் அத்தீவுக்குத் திரும்பியிருந்த தமிழ் மீனவக் குடும்பங்கள், எங்கள் மண்ணைப் பிணக்காடாக்காதீர் எனத் தெருவில் இறங்கின. முஸ்லிம் மக்களோ, தம் இறந்தவர்கள் தொலைதூரத் தீவுக்குக் கொண்டுசெல்லப்படுவதை மற்றுமோர் அவமதிப்பாகக் கண்டனர். வஞ்சிக்கப்பட்ட இரு சமூகங்கள் ஒரு வர்த்தமானியால் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. இறுதியில் 2021 மார்ச் 5 தொடக்கம் ஓட்டமாவடியிலே அடக்கங்கள் நடந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே உறங்குகின்றனர். முஸ்லிம்களே பெரும்பான்மையினர், ஏனைய மதத்தவரும் சிலர் உளர்.

இத்தனையையும் 'பெருந்தொற்றின் தாக்கம்' என்ற ஒரு தொடரில் அடக்கிவிட முடியுமா? முடியும், ஆய்வு நூல்கள் அவ்வாறே அடக்குகின்றன. அத்தொடரின் இலக்கணத்தைச் சற்று நோக்குவோம். அதிலே எழுவாய் தொற்று. தாக்கியது தொற்று, தாக்கப்பட்டோர் மக்கள். ஆனால் அக்குழந்தையை எரித்தது வைரசு அன்று. நாட்கூலியை நிறுத்தியதும், ஆடைத் தொழிற்சாலைப் பெண்களை நள்ளிரவிற் பேருந்துகளில் ஏற்றித் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டுசென்றதும், வளைகுடா நாடுகளில் வேலையிழந்து நின்ற நம்மவரைத் திருப்பி அழைக்கத் தாமதித்ததும் வைரசு அன்று. இவற்றுட் சில தவிர்க்கமுடியாத முடிவுகளாக இருக்கலாம். ஊரடங்கு பல உயிர்களைக் காத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. சரியான முடிவாயினும் அது ஒருவர் எடுத்த முடிவு. நோய் தரும் துயருக்கு நாம் காரணங் கேட்கின்றோம். மனிதர் தரும் துயருக்கு நியாயங் கேட்கின்றோம். இரண்டையும் ஒரே அட்டவணையில் 'தாக்கம்' என்று பதிவுசெய்யும் ஆய்வு, தான் அறியாமலே நியாயங் கேட்கும் வாயை அடைத்துவிடுகின்றது. தூசிடைடீஸ் இவ்வாறு செய்யவில்லை. நோய் இதைச் செய்தது, மனிதர் இதைத் தெரிவு செய்தனர் என்று அவர் பிரித்தே காட்டினார்.

காலம் பற்றிய சிக்கலும் இதனோடு பிணைந்தது. காலம் ஆற்றும் என்பது நம்மூரிற் கேட்கும் ஆறுதல் மொழி. நோய்த்துயரைப் பொறுத்து அதில் உண்மை உண்டு. ஆனால் அநீதியைப் பொறுத்து? நாசிகளின் வதைமுகாமிலிருந்து உயிர்மீண்ட ழான் அமெரி 1966இல் வெளியிட்ட கட்டுரைகளிலே, காலம் தானாகவே புண்ணை ஆற்றுகின்றது என்பது உடலியல் உண்மையேயன்றி ஒழுக்க உண்மையன்று என்று வாதிட்டார். ஆறாதிருக்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவனுக்கு அவர் கோரினார். அவர் கண்ட கொடுமையையும் நாம் இங்கு பேசுவதையும் ஒரே நிறையில் வைப்பது தகாது. ஆயினும் அவரது வேறுபாடு நமக்குப் பயன்படும். ஒரு தாயின் மனச்சோர்வுப் புள்ளி 2021இல் பதினெட்டாக இருந்து 2024இல் ஐந்தாகக் குறைந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியருக்கு அது நற்செய்தி; நமக்கும் நற்செய்தியே. ஆனால் அவளுக்குச் செய்யப்பட்டது பதின்மூன்று புள்ளிகளால் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டார். 2024 யூலையிலே இலங்கை அமைச்சரவை கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் தொகை 276 எனவும் குறிக்கப்பட்டது. மன்னிப்புக் கோரியது வரவேற்கத்தக்கதே. கேட்டவர் யார், யாரிடம், எதன்பொருட்டு என்பவை எத்தனை வீடுகளில் இன்னும் பேசப்படுகின்றன என்பதை எந்த ஆய்வு சென்று விசாரித்தது?

வட கிழக்கு மாகாணங்களைச் சேர்ந்த நம்மவருக்கு இவ்வினா புதிதன்று. யாழ்ப்பாணத்தின் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலே 'மனவடு' என்ற சொல்லை நமக்குப் பழக்கப்படுத்தினார். பின்னர், துயர் தனிமனித உள்ளத்தில் மட்டுமன்றி உறவிலும் ஊரிலும் நம்பிக்கையிலும் படிந்துவிடும் கூட்டு மனவடுவைப் பற்றி விரிவாக எழுதினார். உடல் கிடைக்காமலே அந்தியேட்டி செய்வதா, செய்யாதிருப்பதா என்று தெரியாமல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கும் தாய்மார் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் வினாக்கொத்தோடு சென்றவர்கள் பலர். பலமுறை கதை சொல்லிக் களைத்து, இதனால் எங்களுக்கு என்ன என்று அவர்கள் திருப்பிக் கேட்கும்போது, ஆய்வாளரிடம் விடை இருப்பதில்லை. ஆய்வேடு ஒன்று கிடைக்கும், பட்டம் ஒன்று கிடைக்கும். அவை கிடைப்பது வேறொருவருக்கு. கலைப்பீடத்து மாணவராகிய நமக்கும் இக்குற்றச்சாட்டில் பங்குண்டாதலால், அதனை வேறெங்கோ உள்ள நிறுவனங்களின் தலையிற் சுமத்தித் தப்பிவிட இயலாது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அவ்வாறாயின் ஆய்வே வேண்டாமா? வாய்மொழிச் சாட்சியங்களை மட்டும் திரட்டினால் போதுமா? சாட்சியமும் தெரிவு செய்யப்படுவதே. உரக்கப் பேசுபவரின் துயரே பதிவாகும், ஊமையரின் துயர் விடுபடும். பரந்த மாதிரியெடுப்பு அந்த ஊமையரையும் எட்டக்கூடியது. இம்மறுப்பு வலுவானது. சொல்லப்போனால், பெண்களின் நிலை ஆண்களின் நிலையிலும் மோசமானது என்பதை உலகெங்கும் ஒரே குரலில் சொல்லவைத்தவை கதைகளல்ல, எண்களே. ஆகவே எண்ணைக் கைவிடுமாறு இக்கட்டுரை கோரவில்லை. எண்ணோடு நின்றுவிடும் ஆய்வு, தனக்கு விடை கூறியவரை ஒரு மாதிரியாக மட்டும் நடத்துகின்றது. அவரிடம் திரும்பிச் சென்று, நீர் சொன்னதிலிருந்து நாம் இதைக் கண்டோம், இது சரியா என்று கேட்பதில்லை. திரும்பிச் செல்வதை நெடுங்கால ஆய்வு தன் முறையியலிலேயே கொண்டுள்ளது. ஆதலால் இக்கடமையை நிறைவேற்ற ஏனைய ஆய்வுகளைவிட அதற்கே வாய்ப்பு அதிகம். அவ்வாய்ப்பு அடுத்த புள்ளியைப் பெறுவதற்கே பயன்படுத்தப்பட்டு வருகின்றது.

நமது பல்கலைக்கழகங்களிலே இதனைத் தொடங்குவதற்குப் பெருநிதி தேவையில்லை. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர் தமது ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பொருள் தேடி அலைகின்றனர். ஓட்டமாவடியிலும், இரணைதீவிலும், மினுவாங்கொடையிலும், தொடுப்புச் சமிக்ஞை தேடிப் பிள்ளைகள் மலையேறிய பதுளைப் பகுதிகளிலும் ஒரே வீடுகளுக்கு ஆண்டுக்கொருமுறை சென்று, ஒரு தொகுதி மாணவர் விட்ட இடத்தை அடுத்த தொகுதி தொடருமாறு செய்யலாம். தமிழும் சிங்களமும் அறிந்தோர் சேர்ந்து செல்லுதல் வேண்டும். முஸ்லிம் மாணவியர் இல்லாத குழு ஓட்டமாவடி வீடுகளின் உட்பகுதிக்குச் செல்ல இயலாது. சென்ற ஆண்டு எழுதியதை முதலிற் படித்துக் காட்டல் வேண்டும். மனநிலை பற்றிய வினாக்கள் அதன்பின்னரே வரலாம். அவ்வினாக்களிடையே, நடந்ததில் எதனை நீங்கள் விதி என்கிறீர்கள், எதனை ஒருவர் செய்த செயல் என்கிறீர்கள் என்ற ஒன்றும் இருக்கட்டும். அதற்கான விடைகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். மாறினால் எத்திசையில், ஏன் என்பது இன்றுவரை நமது எந்தத் துறையின் ஏட்டிலும் இல்லை.